வீட்டு இணைய இணைப்பு அறுபடுவதும் மந்தமாவதும்: பழுதைக் காணும் முறை

நமது சங்க அங்கத்தினர்களின் காரியங்களில் பெரும்பகுதி இந்நாளில் இணையத்தின் வழியே நடைபெறுவதாயிற்று. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய் மதிப்பில் இசைவளித்தது. சங்கத்தில் கணினி வந்தபின், அங்கத்தினர் வீட்டிலும் இணைப்பு வேண்டியதாகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில் சம்பா பயிரிடுவோர் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் வருகின்றது. வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் காலமும் அதுவே. அந்த நாளில் வீட்டு இணைப்பு அறுந்து போனால் விண்ணப்பம் பாதியில் நிற்கும். கட்டிய தொகை போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதும் தெரியாது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் கைலி நெய்யும் அங்கத்தினர் வெளியூர் வியாபாரிக்குப் புது மாதிரிகளின் படங்களை அனுப்பும்போதும் இதே கதிதான். படம் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

இவ்வாறான வேளைகளில் நம்மவர் செய்வது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ரௌட்டர் பெட்டியை அணைத்துப் போடுவது. மற்றொன்று, வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுவது. முன்னதால் சில வேளை குணம் உண்டு. பின்னதால் பெரும்பாலும் பண நஷ்டமே மிஞ்சுகின்றது. ஏனெனில் பழுது எந்த இடத்தில் உள்ளது என்பதைக் காணாமலே மருந்து வாங்குகிறோம்.

பாதையை அறிதல்

கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வந்து, மதகுகளில் இறங்கி, வாய்க்கால்களில் பிரிந்து, இறுதியில் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. கடைமடை விவசாயி தம் வயலில் நீர் காணாதபோது, மடையை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க மாட்டார். வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடந்து, எதுவரை நீர் இருக்கிறது, எங்கே நின்றது என்று பார்ப்பார். இணைய இணைப்பும் இவ்வாறே பல கட்டங்களைக் கடந்து வருவது. வெளிநாட்டுச் செய்தி கடலடிக் கம்பியில் சென்னை முதலான கரைகளுக்கு வந்து, கம்பெனியின் நிலையங்கள் வழியே கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ சேர்ந்து, தெருக் கம்பத்தில் வரும் ஃபைபர் இழையில் நம் வீட்டுப் பெட்டிக்கு வருகின்றது. அங்கிருந்து ரௌட்டர் அதனை வை-ஃபை என்னும் கம்பியில்லா அலையாக்கிக் கைபேசிக்கு அனுப்புகிறது. எந்தக் கட்டத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் கைபேசியில் தெரிவது ஒன்றே: வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடைப்பு மிகத் தொலைவிலும் இருக்கக்கூடும். 2008-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவை அடுத்த மத்தியதரைக் கடலில் கடலடிக் கம்பிகள் சேதமுற்றபோது இந்தியாவில் இணையம் பெரிதும் மந்தமாயிற்று. அன்று நம்மூரில் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திராது. இத்தகைய சம்பவங்கள் அபூர்வம். நம் வீடுகளில் காணும் பழுதுகளுள் மிகுதியானவை கம்பத்துக்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட சில கஜ தூரத்திலேயே உள்ளன.

ஆகவே முதற் காரியம் பாதையை இரண்டாகப் பிளந்து பார்ப்பதாகும். கணினி உள்ளவர்கள் ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியை நேரே கணினியில் சொருகி, கைபேசிகளின் வை-ஃபையை அணைத்துவிட்டு, வேகத்தைச் சோதிக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் வெளியிட்டுள்ள ‘மைஸ்பீடு’ செயலி கைபேசியில் வேகம் பார்க்க உதவும். கம்பியில் வேகம் சரியாக இருந்து வை-ஃபையில் மட்டும் குறைந்தால் பழுது வீட்டுக்குள் இருக்கிறது. கம்பியிலும் குறைந்தால் பெட்டியையோ, வெளி இழையையோ, கம்பெனியையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை செய்யாமல் செலவழிக்கும் எந்தத் தொகையும் இருட்டில் எறிந்த கல்லே.

இதனினும் நுட்பமான சோதனை ‘பிங்’ எனப்படுவது. ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்று ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, அதாவது மில்லி விநாடிக் கணக்கில் அளப்பது இது. முதலில் ரௌட்டரின் முகவரிக்கே பிங் அனுப்ப வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிறகு வெளியிலுள்ள 8.8.8.8 என்னும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் நூறு முறையாவது விடுவது நலம். ரௌட்டருக்கே போய் வர ஒரு சமயம் 3 மில்லி விநாடியும் மறு சமயம் 400-ம் ஆகுமானால், அல்லது சில செய்திகள் திரும்பாமலே போகுமானால், குற்றம் வை-ஃபையில். ரௌட்டர் வரை சீராக இருந்து, வெளி முகவரியில் மட்டும் இழப்பு காணுமானால் குற்றம் வெளியில். பாவில் இழை அறுந்தால் துணியின் நீளத்தில் கோடு விழும், ஊடை தவறினால் குறுக்கே விழும் என்பது நெசவாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோன்ற அடையாளந்தான் இதுவும்.

கண்ணாடி இழையும் சிவப்பு விளக்கும்

இப்போது பரவிவரும் ஃபைபர் இணைப்பில் செய்தி செல்வது ஒளியாக. இழையின் கண்ணாடி மொத்தம் 125 மைக்ரான் பருமன். அதன் நடுவே ஒளி ஓடும் பகுதி ஏறக்குறைய 9 மைக்ரானே. நாம் தறியில் கையாளும் எந்த நூலினும் அது மெல்லியது. கம்பெனியின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை தெருவில் உள்ள பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. 32 பங்காகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஒளிக்கு மேல் வராது. ஆதலின் மேற்கொண்டு ஏற்படும் சிறு இழப்பும் பெரிய தொல்லையாகிறது.

வீட்டுப் பெட்டியில் ‘பான்’ என்னும் விளக்கு நிலையாகப் பச்சையாக எரிய வேண்டும். ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு எரியவே கூடாது. அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையில் ரௌட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. உடனே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டியதே. ஆனால் தெரிவிக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மஞ்சள் அல்லது வெள்ளை நிற மெல்லிய கம்பி ஆணியில் இறுக மடக்கப்பட்டோ, கதவிடுக்கில் நசுங்கியோ, பீரோவின் காலடியில் சிக்கியோ இருக்கிறதா என்று காண வேண்டும். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். மிச்சக் கம்பியைச் சுருட்டும்போது ஒரு சொம்பின் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டுவது பாதுகாப்பு. இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தல் ஆகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது; எனினும் கண்ணுக்குக் கெடுதி செய்யக்கூடியது. முனையை விரலால் தொடுவதும் வாயால் ஊதுவதும் கூடாது. ஒரு தூசி போதும், ஒளியை மறிக்க.

இணைப்பு முற்றிலும் போகாமல் விட்டு விட்டு வருகிறதென்றால், பெட்டியில் வந்து சேரும் ஒளியின் அளவைக் கேட்டறிய வேண்டும். பழுது பார்க்க வரும் ஊழியரிடம் சிறு அளவுக்கருவி இருக்கும். பல பெட்டிகளின் உட்பக்கத்திலும் இந்த எண் காட்டப்படும். அது டி.பி.எம். என்னும் அலகில் கழித்தல் குறியுடன் வரும். கழித்தல் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கழித்தல் 25-க்குக் கீழே இறங்கினால் ஐயத்துக்குரியது. கழித்தல் 28-ஐ நெருங்கினால் சாதாரணப் பெட்டி ஒளியை உணரும் எல்லையில் தத்தளிக்கும். அறுந்தும் ஒட்டியும் வரும். எண் 3 குறைந்தால் ஒளி பாதியாயிற்று என்று கணக்கு. ஊழியர் வந்து “எல்லாம் சரி” என்று சொல்லிச் செல்லும்போது, இந்த எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் தேதியுடன் எழுதிக்கொள்ளும்படி அங்கத்தினர்களை வற்புறுத்துகிறோம். முதல் மாதத்தில் 21 ஆக இருந்தது மூன்றாம் மாதத்தில் 26 ஆனால், வழியில் எங்கோ ஓர் ஒட்டு கெட்டுவருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சில தெருக்களில் இன்னும் பழைய செம்புக் கம்பியில் இணைப்புப் பெறுவோர் உண்டு. மழை பெய்த மறுநாள் வேகம் விழுந்து, வெயில் காய்ந்தபின் தானே எழுமானால், ஒட்டில் ஈரம் இறங்கியது என்றே கொள்ளலாம். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பின் மேல் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகிறது. லேன் கம்பியின் முனையிலுள்ள சிறு தகடுகளும் அவ்வாறே கறுத்துப்போகும். முனையை மாற்ற ஆகும் செலவு அற்பம்.

மின்சாரமும் சூடும்

ரௌட்டருடன் வரும் சிறிய அடாப்டரை யாரும் சந்தேகிப்பதில்லை. நமது கருத்தில் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது அதுவே. பெரும்பாலும் அது 12 வோல்ட் தருவது. இரண்டு மூன்று கோடைகள் கழிந்தபின் அதனுள் இருக்கும் மின்தேக்கி உலர்ந்தும் உப்பியும் பலம் குன்றுகின்றது. அப்போது பெட்டி அடியோடு நிற்பதில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் வை-ஃபையில் பலர் சேர்ந்தவுடன் மின்சாரம் போதாமல் தானே அணைந்து தானே எழும். அதற்கு இரண்டு நிமிஷம் பிடிக்கும். வீட்டார் “நெட் போய்ப் போய் வருகிறது” என்பர். மோட்டார் போடும்போதோ, குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போதோ இது நேருமானால் அடாப்டரையும் வோல்ட்டேஜையும் பார்க்க வேண்டும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்குக் கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படும். வோல்ட் மாறக் கூடாது. மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் ரௌட்டருக்கென்றே விற்கும் சிறு பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்வது வீண் செலவாகாது.

சூடு மற்றொரு பகை. ஸ்டெபிலைசரின் மேலும், டெலிவிஷன் பெட்டியின் பின்னும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குச் சற்றுக் கீழும் ரௌட்டரை வைப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். தூசி படாதிருக்கத் துணி போர்த்துகிறவர்களும் உண்டு! பெட்டியின் பக்கங்களிலுள்ள துளைகள் காற்றுப் போகவே அமைந்தவை. தறிக்கூடத்தில் வைப்பவர்கள் பஞ்சுத்தூசி அத்துளைகளை அடைக்காதபடி மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த தூரிகையால் துடைத்தல் வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு அறுபட்டு, இரவில் சரியாகும் இணைப்புக்குச் சூடே காரணமாதல் கூடும்.

வை-ஃபை அலையின் இயல்பு

பெரும்பாலான ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது சுவரை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது மிக வேகமானது. இரண்டு சுவரைத் தாண்டுமுன் இளைத்துவிடும். ஆகவே ரௌட்டர் இருக்கும் கூடத்திலும் அடுத்த அறையிலும் 5-ஐயும், பின்கட்டிலும் மாடியிலும் 2.4-ஐயும் உபயோகிப்பது முறை. கடலூர் முதுநகரில் உள்ளவை போன்ற பழைய தடித்த சுவர் வீடுகளில் முன்கூடத்து மூலையில் வைத்த பெட்டி சமையலறைக்கு எட்டாததில் வியப்பில்லை. வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அலையை மறிப்பவை. அவற்றின் மறைவில் வைத்தல் ஆகாது. ஆறு கொம்பு, எட்டுக் கொம்பு ஆண்டெனா உள்ள பெட்டி என்று கடையில் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம். கொம்பின் எண்ணிக்கையைவிட வைக்கும் இடமே பெரிது.

சிதம்பரத்தில் நான்கு வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஒரு வீட்டில் நின்று பார்த்தால் பதினைந்து இருபது வை-ஃபை பெயர்கள் தெரியும். 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே: 1, 6, 11 என்னும் எண்கள். எல்லாரும் 6-இல் இருந்தால், ஒரே மதகில் இருபது பேர் முறை கேட்பதுபோல் ஒவ்வொருவரும் காத்திருக்க நேரும். கைபேசியில் வை-ஃபை பாதைகளைக் காட்டும் செயலிகள் உள்ளன. அவற்றைக் கொண்டு கூட்டம் குறைந்த பாதையைக் கண்டு, ரௌட்டரில் அதனைக் குறித்துவிட வேண்டும். அலையின் அகலத்தை 40-க்குப் பதிலாக 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நெருக்கமான தெருவில் நல்லது. அகலம் குறைந்தால் உச்ச வேகம் சற்றுக் குறையும். ஆனால் ஸ்திரம் கூடும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இதே 2.4 அருகில்தான் என்பது நினைவில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி நிலையத்தாருக்கு 1998 முதல் இடைவிட்டுக் கிடைத்துவந்த விளங்காத சைகைகள், அந்நிலையத்தின் மைக்ரோவேவ் அடுப்பை ஓடும்போதே திறந்ததால் வந்தவை என்று 2015-இல் கண்டறியப்பட்டது. வானியலாரையே பல்லாண்டு ஏய்த்தது நம் கைபேசியை ஏய்ப்பது அரிதன்று.

தறிக்கூடமோ களமோ வீட்டிலிருந்து விலகியிருந்தால், அலையை எடுத்து மறுபடி வீசும் ‘ரிப்பீட்டர்’ கருவியை வாங்குமுன் யோசிக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி வீசும் மலிவான கருவிகள் வேகத்தைப் பாதியாக்குவது வழக்கம். லேன் கம்பி 100 மீட்டர் வரை செவ்வனே வேலை செய்யும். அதை இழுத்து மறுமுனையில் இரண்டாவது ரௌட்டர் வைப்பதே உறுதியானது. செம்பு என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியக் கம்பியை விற்பதும் நடக்கிறது, கேட்டு வாங்குக. திறந்த வெளியில் இரு கட்டடங்களுக்கிடையே இழுப்பதாயின், இடிமின்னலுக்கு அஞ்சிச் செம்பை விலக்கி ஃபைபர் இழுப்பது மேல்.

இரண்டாவது ரௌட்டர் வைக்கும்போது ஒரு தவறு நேர்கிறது. ஒவ்வொரு ரௌட்டரும் தன்னிடம் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையையும் செய்கிறது. இரண்டும் ஒரே கம்பிவலையில் சேர்ந்து, இரண்டும் முகவரி வழங்குமானால், ஒரு கைபேசிக்கு வேலை செய்யும், மற்றொன்றுக்கு வேலை செய்யாது. காலையில் சரி, மாலையில் தவறு என்று பேய் பிடித்ததுபோல் ஆகும். இரண்டாவது பெட்டியில் ‘டி.எச்.சி.பி.’ என்னும் அமைப்பை நிறுத்தி, அதன் சொந்த முகவரியையும் வேறாக மாற்றிவிட்டால் பேய் ஓடிவிடும்.

ஒரு கிராமம், ஒரு டெலிவிஷன்

பழுதைத் தேடுவதில் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததைக் கூறலாம். அங்கே செம்புக் கம்பி வழி இணைப்பு. ஏறக்குறைய 18 மாதம் நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணையம் தடுமாறிற்று. கம்பெனியார் கம்பிகளை மாற்றியும் குணமில்லை. இறுதியில் ஊழியர்கள் அலைகளை அளக்கும் கருவியைக் கையில் பிடித்து ஊரைச் சுற்றி நடந்தனர். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து பெரும் இரைச்சல் அலை எழக் கண்டனர். அவ்வீட்டார் காலையில் போடும் பழைய டெலிவிஷன் பெட்டியே காரணம். அதனை நிறுத்தியதும் ஊருக்குக் குணமாயிற்று. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் இது வெளியாயிற்று. கம்பிகளை மாற்றியபோது கிட்டாத விடை, நேரத்தைக் கவனித்தபோது கிடைத்தது என்பதே இதில் நாம் கொள்ளத்தக்கது. ஆகவே இணைப்பு எப்போது கெடுகிறது என்று ஒரு வாரம் மணியோடு எழுதி வைத்தல் வேண்டும். மாலை 7 முதல் 10 வரை மட்டும் மந்தம், கம்பியிலும் அவ்வாறே என்றால், தெரு முழுவதும் ஒரே வாய்க்காலில் இறைக்கிறது, கம்பெனி போதிய அகலம் வைக்கவில்லை என்று பொருள். மாதக் கடைசியில் மட்டும் மந்தம் என்றால், திட்டத்தின் அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். ரசீதின் சிறு எழுத்துக்களைப் படித்தால் விளங்கும்.

வேகம் உண்டு, ஆனால் மந்தம்

சில வீடுகளில் வேகச் சோதனையில் எண் சரியாகவே வரும். ஆனால் ஒருவர் படங்களை அனுப்பத் தொடங்கியதும் மற்றவருக்கு எல்லாம் நின்றுவிடும். இதன் காரணத்தைத் தம் வீட்டிலேயே கண்டு 2010-இல் உலகுக்குச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலார். அவர் அப்போது பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது, சில மில்லி விநாடியில் திரும்ப வேண்டிய பிங் ஒரு விநாடிக்கும் மேல் தாமதிப்பதைக் கண்டார். பெட்டிகளில் நினைவகம் மலிவானதால், அனுப்ப வேண்டிய செய்திகளை உதறாமல் அளவுக்கு மீறித் தேக்கி வைக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. குறுகிய மதகுக்கு முன்னே பெருங்குளம் வெட்டியதுபோல. பின்னால் வரும் சிறு செய்தியும் முழுக்குளமும் வடியும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இதற்கு ஒரு நல்ல மருந்து முறையை வெளியிட்டனர். புதிய ரௌட்டர்கள் சிலவற்றில் அது ‘எஸ்.கியூ.எம்.’ என்னும் பெயரில் உள்ளது. அது இல்லாத பெட்டியில், வெளிச்செல்லும் வேகத்தை உண்மை அளவில் பத்தில் ஒன்பது பங்காக வரம்பு கட்டினால் பெரும் நன்மை உண்டு. அதுவும் இயலாதவர்கள் கைபேசிகள் தாமே படங்களைச் சேமிப்புக்கு அனுப்பும் ஏற்பாட்டை இரவுக்குத் தள்ளி வைக்கலாம்.

கணக்கில் வரும் குழப்பம் ஒன்றும் உண்டு. கம்பெனி சொல்லும் வேகம் மெகாபிட் கணக்கு. கோப்பின் அளவு மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் திட்டத்தில் விநாடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதைக் கண்டு ஏமாற்று என்பது சரியன்று. இந்தியாவில் ‘அகலப்பட்டை’ என்று சொல்லிக்கொள்ள வேண்டிய குறைந்த வேகம் 512 கிலோபிட் என்றிருந்து, 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ரௌட்டரின் துளைகள் 100 மெகாபிட் வரையே தாங்குபவையாயின், 200 திட்டத்துக்குப் பணம் கட்டுவதும் பயனற்றது.

பக்கங்கள் திறக்கவே நேரம் பிடித்து, திறந்தபின் விரைவாக வருமானால், பெயரை முகவரியாக்கும் ‘டி.என்.எஸ்.’ என்னும் குறிப்பேடு மந்தம். ரௌட்டரில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம்.

எச்சரிக்கை

பெட்டியை அணைத்துப் போடுவது வேறு. பின்புறம் ஊசித்துளையில் உள்ள ‘ரீசெட்’ பொத்தானை அழுத்துவது வேறு. பின்னது கம்பெனி ஊழியர் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், வழி எண் யாவற்றையும் அழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை அதை அழுத்திவிட்டுத் திங்கள் மதியம் வரை இணைப்பின்றித் தவிக்க நேரும். ஊழியர் வந்த அன்றே அந்த விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். வை-ஃபை கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சிட்டதாகவே இருந்தால் மாற்றிவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் பலர் சேர்ந்திருப்பதும் மந்தத்துக்கு ஒரு காரணம். ரௌட்டரின் உட்பக்கத்தில் எத்தனை கருவிகள் சேர்ந்துள்ளன என்ற பட்டியல் தெரியும்.

நம் மாவட்டம் புயலுக்கு இலக்கான மாவட்டம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. 2015 இறுதியிலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்தும் வெள்ளம் புகுந்தது. ஃபைபர் இழைகளில் பல இதே கம்பங்களில் தொங்குகின்றன. கம்பம் விழுந்தால் இழையும் அறும். எனவே அக்டோபர் மாதத்திலேயே செய்ய வேண்டியவை சில. வீட்டுக்கு வரும் இழை மரக்கிளையில் உராய்கிறதா என்று பார்த்துக் கம்பெனிக்குச் சொல்லுதல் ஒன்று. மின்கம்பத்தில் தாமே ஏறலாகாது. இடிமின்னலின்போது அடாப்டரையும் லேன் கம்பியையும் கழற்றி வைத்தல் மற்றொன்று. இழையின் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆயினும் அதற்குப் பலமாகச் சேர்த்துள்ள எஃகுக் கம்பி கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பீட்டுப் பதிவைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாமல், வேறொரு கம்பெனியின் சிம் உள்ள கைபேசியிலிருந்து இணைப்பைப் பகிரும் முறையையும் வீட்டில் ஒருவராவது பழகி வைத்தல் வேண்டும்.

புகார் செய்வோர் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடக் கூடாது. கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வழங்குவது அவர்கள் கடமை. அங்கே தீர்வு கிடைக்காவிடில், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். 2012-இல் டிராய் வகுத்த விதிகள் இந்த இரண்டு படிகளையும் ஏற்படுத்தியுள்ளன. மனுவில் “நெட் சரியில்லை” என்று எழுதினால் ஒருவரும் அசைய மாட்டார். இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, கம்பியில் சோதித்தபோது இவ்வளவு வேகம், பிங்கில் நூற்றுக்கு இத்தனை இழப்பு, எல்.ஓ.எஸ். விளக்கின் நிலை இது, ஒளியின் அளவு முன்பு இத்தனை, இப்போது இத்தனை என்று எழுத வேண்டும். ஒரே தெருவில் நான்கு அங்கத்தினர் வீடுகளில் ஒரே நேரத்தில் பழுது காணுமானால், நால்வர் குறிப்பையும் ஒரே தாளில் சேர்த்து, நான்கு புகார் எண்களையும் குறித்து அனுப்புக. அப்படி வரும் தாள் தெருப் பிரிப்பானையோ அதற்கு மேலுள்ள இழையையோ சுட்டிக்காட்டுவதால், வீட்டுக்கு வந்து பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டுப் போக ஊழியருக்கு இடமிராது.